டியூப் லைட் சொன்ன சாட்சி

வெள்ளகோவிலுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம்மூரில் தறி உண்டு, எண்ணெய் ஆலை உண்டு, தாராபுரம் பக்கம் போனால் காற்றாலை உண்டு. விமானம் என்றால் சூலூரிலிருந்து கிளம்பி எப்போதாவது தலைக்கு மேல் இரைந்துகொண்டு போவதுதான். ஆனாலும் போன மாதம் முழுக்க நான் யோசித்துக்கொண்டிருந்தது, ஒரு பழைய சின்ன விமானத்தின் புரொப்பல்லர் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதைப் பற்றித்தான். பதிவு கொஞ்சம் நீளம். தறி, தார் மெஷின் வைத்திருக்கும் நண்பர்கள் கடைசிப் பகுதியையாவது படித்துவிடுங்கள்.

என்னிடம் இயற்பியல் படித்த பையன் ஒருவன் விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பு முடித்து, வடக்கே ஒரு பறக்கும் பயிற்சிக் கிளப்பில் வேலை பார்க்கிறான். பெயரும் கிளப்பும் வேண்டாம் சார், விஷயத்தை மட்டும் எழுதுங்க என்றான். அப்படியே எழுதுகிறேன்.

அந்தக் கிளப்பில் ஒரு புஷ்பக் விமானம் பல வருடமாக மூலையில் நின்றது. இளையவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்காது. பெங்களூரு எச்.ஏ.எல். தொழிற்சாலையில், வி.எம். காட்கே அவர்களின் குழு உருவாக்கியது. 1958 செப்டம்பர் 28 அன்று முதலில் பறந்தது. அமெரிக்காவின் ஏரோன்கா சீஃப் என்ற விமானத்தை ஒட்டிய அமைப்பு. மேலே இறக்கை, உள்ளே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர், முன்னால் 90 குதிரைத்திறன் கொண்ட கான்டினென்டல் சி-90 எஞ்சின். சுமார் 150 விமானங்கள் செய்து நாடு முழுக்கப் பறக்கும் கிளப்புகளுக்குக் கொடுத்தார்கள். அந்தத் தலைமுறை விமானிகள் பலர் முதலில் ஆகாயத்தைப் பார்த்தது இதில்தான்.

நம் நெசவுக்காரர்களுக்கு ஒரு சுவையான செய்தி. அந்தக் காலத்தில் இந்த மாதிரிச் சின்ன விமானங்களின் மேல்தோல் தகரம் இல்லை, துணி. கிரேடு ஏ என்று சொல்லும் பருத்தித் துணி, அங்குலத்துக்குப் பாவிலும் ஊடையிலும் 80 இழைக்குக் குறையாமல் நெய்தது. அதைச் சட்டத்தின் மேல் போர்த்தி, டோப் என்ற பூச்சைப் பூசினால் முரசுத் தோல் மாதிரி இறுகிவிடும். தறியில் பிறந்ததுதான் பறந்திருக்கிறது.

அந்தப் புஷ்பக்கை மறுபடி பறக்க வைக்கும் வேலை இவனிடம் வந்தது. ஒரு வருட வேலை. கடைசியில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் கட்டத்தில் சிக்கல்.

இந்த விமானத்தின் புரொப்பல்லர் கோணம் மாறாதது. அதனால் ஒரு எளிய சோதனை உண்டு. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வாலைக் கயிற்றால் கட்டி, காற்றில்லாத நேரத்தில் எஞ்சினை முழு வேகத்துக்குத் திறக்க வேண்டும். நின்ற இடத்தில் எத்தனை சுற்று வருகிறது என்பதை டேக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். அந்த எஞ்சினுக்கும் அந்தப் புரொப்பல்லருக்கும் சேர்த்து ஆவணத்தில் ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை இருக்கும். அதற்குள் வர வேண்டும். கணக்குக்காக, கீழ் எல்லை 2200 என்று வைத்துக்கொள்ளுங்கள். இவனுக்கு முள் 2050-ஐத் தாண்டவில்லை. 150 சுற்று குறை.

சுற்று குறைந்தால் எங்கே தேடுவது? இவன் தேடிய வரிசையைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சுலபமானதிலிருந்து தொடங்கியிருக்கிறான். முதலில் திராட்டில் கம்பி. உள்ளே கைப்பிடியை முழுக்கத் தள்ளினாலும் கார்புரேட்டரில் வால்வு முழுக்கத் திறக்கிறதா? திறந்தது. அடுத்து, கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திருப்பி விடும் தகடு. பனி பிடிக்காமல் இருக்க அது தேவை. சரியாக மூடாமல் கசிந்தால் சூடான, அடர்த்தி குறைந்த காற்று உள்ளே போய் சக்தி குறையும். நன்றாக மூடியது. அதைத் திறந்தபோது சுற்று குறைந்தது, மூடியபோது ஏறியது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

பிறகு தீப்பொறி. இந்த எஞ்சினில் நாலு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் இரண்டு பிளக், தனித்தனியாக இரண்டு மேக்னெட்டோ. ஒன்றை அணைத்தால் சுற்று லேசாகக் குறைய வேண்டும். நிறையக் குறைந்தால் மற்றது சரியில்லை என்று அர்த்தம். இரண்டும் ஒரே மாதிரி, அளவோடு குறைந்தன. நேரம் வைத்ததையும் சரி பார்த்தான். கடைசியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றை ஏற்றிக் கசிவு பார்த்தான். நான்கும் நல்ல நிலை.

எஞ்சினில் குற்றம் இல்லை. அப்புறம் மிச்சம் இருப்பது புரொப்பல்லர்.

கிளப்பில் மூத்தவர் ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். "பிட்ச் அதிகம். கழற்றி அனுப்பு, குறைத்துக்கொண்டு வரட்டும்."

பிட்ச் என்றால் என்ன? மரத்தில் ஸ்குரூ முடுக்குகிறோம். ஒரு சுற்றுக்கு அது எவ்வளவு தூரம் உள்ளே போகிறதோ அதுதான் பிட்ச். புரொப்பல்லர் காற்றில் போகும் ஸ்குரூ. இலையின் கோணம் அதிகமானால் ஒரு சுற்றுக்கு அதிகக் காற்றைத் தள்ள வேண்டும். எஞ்சினுக்குப் பாரம் கூடும், சுற்று குறையும். கியர் சைக்கிளில் பெரிய கியர் போட்டு மேடேறுகிற மாதிரி. கோணத்தைக் குறைத்தால் பாரம் குறையும், சுற்று ஏறும். உலோகப் புரொப்பல்லரை அதற்கென்று அனுமதி பெற்ற பட்டறையில் முறுக்கிக் கோணத்தை மாற்றித் தருவார்கள்.

ஆகவே அவர் சொன்னது ஒரு வகையில் நியாயம்தான். ஆனால் இவன் மனதில் ஒரு முள் குத்தியது. எஞ்சின் ஓடுகிற சத்தம், விமானம் கயிற்றை இழுக்கிற இழுவை, இரண்டும் நோஞ்சான் எஞ்சின் மாதிரி இல்லை. டேக்கோமீட்டரே பொய் சொன்னால்?

கிளப்பில் கையில் பிடிக்கிற ஒளி டேக்கோமீட்டர் ஒன்று இருந்தது. அதை வைத்துப் பார்த்தபோது முள்ளைவிட அதிகம் காட்டியது. ஆனால் வெயிலில் எண் தாவித் தாவி வந்தது. "இந்த பொம்மையை நம்பியா அறுபது வருஷ மீட்டரைச் சந்தேகப்படுகிறாய்?" என்று மூத்தவர் சிரித்திருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் புரொப்பல்லரைக் கழற்றி அனுப்பச் சொல்லிவிட்டார். அதற்கான தாளில் கையெழுத்துப் போட வேண்டியவன் இவன்.

புதன்கிழமை ராத்திரி எனக்கு போன் வந்தது.

"சார், நல்லா இருக்கீங்களா? ஒரு சந்தேகம் கேக்கோணுமுங்க."

"கேளு கண்ணு."

எல்லாவற்றையும் சொன்னான். கூடவே இன்னொன்றையும் சொன்னான். அவனுடையது ஒப்பந்த வேலை. அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். இங்கே ஊரில் அவன் கட்டும் வீடு ரூஃப் மட்டத்தில் நிற்கிறது. "கையெழுத்துப் போட்டா ஒரு தொல்லையும் இல்லீங்க சார். பட்டறைக்காரன் குறைச்சுக் குடுப்பான், முள் 2200 காட்டும், எல்லாரும் கை தட்டுவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் முள் பொய்யா இருந்தா, மேலே போனதும் எஞ்சின் வரம்பைத் தாண்டி ஓடுமுங்க. முள் மட்டும் வரம்புக்குள்ளயே காட்டும்."

இதில்தான் விஷயம் இருக்கிறது. நின்ற இடத்தில் இருக்கும் சுற்று, பறக்கும்போது இருக்காது. விமானம் முன்னால் ஓட ஓட இலைக்குப் பாரம் குறைந்து சுற்று ஏறும். சி-90 எஞ்சின் 90 குதிரைத்திறனைத் தருவது 2475 சுற்றில். மேலே ஏறும் சில நிமிடங்களுக்கு மட்டும் 2625 வரை அனுமதி. மீட்டர் குறைத்துக் காட்டினால் விமானி வரம்பு தாண்டியதை அறியாமலே தாண்டுவார். பிட்சையும் குறைத்துவிட்டால் தாண்டுவது இன்னும் சுலபம். அதில் உட்காரப் போகிறவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளைகள்.

"மூணாவது சாட்சி வேணும் சார். யாரும் மறுக்க முடியாத சாட்சி."

"அங்கே டியூப் லைட் இருக்கா கண்ணு?" என்றேன்.

ஒரு நொடி பேச்சே இல்லை. பிறகு "சார்..." என்று இழுத்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் எப்படி இருக்கும்?

அவனுடைய அம்மா ஒரு குடோனில் தார் போட்டுக்கொண்டிருந்தவர். இவன் எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் ராத்திரி ஷிப்டில் தார் மெஷினின் பெல்ட் கழன்றுவிட்டது. சுற்றிலும் தறிகள் ஓடும் இரைச்சலில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கவில்லை. மேலே டியூப் லைட். அந்த வெளிச்சத்தில் நாலு கை வைத்த மோட்டார் புல்லி கிட்டத்தட்ட நின்றுபோன மாதிரி, மெதுவாகப் பின்னால் நகர்கிற மாதிரி தெரிந்திருக்கிறது. பெல்ட்டை மாட்டக் கையை வைத்தார். வலது ஆட்காட்டி விரலில் பாதி போயிற்று.

அவன் பதினொன்றாம் வகுப்பில் என்னிடம் வந்தபோது, "ஓடுற புல்லி எப்படி சார் நிக்கிற மாதிரி தெரியும்? எங்கம்மா தூங்கிட்டாங்கன்னு சொல்றாங்க" என்று கேட்டான். அடுத்த வாரமே ஆய்வகத்தில் ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து, புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஜன்னலை எல்லாம் சாத்தி, டியூப் லைட்டில் ஓட்டிக் காட்டினேன்.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி வருகிறது. சோக் வைத்த பழைய டியூப் லைட் ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு முறை மங்கிப் பிரகாசிக்கும். நொடிக்கு 100 முறை, நிமிடத்துக்கு 6000 முறை. கண்ணுக்குத் தெரியாது. சாதாரண நாலு துருவ மோட்டார் சும்மா ஓடும்போது 1500-க்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும். 1500 சுற்று என்றால், ஒரு பிரகாசத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் சரியாகக் கால் சுற்று. நாலு கை உள்ள புல்லியில் ஒரு கை இருந்த இடத்துக்கு அடுத்த கை வந்து நிற்கும். கண்ணுக்குப் புல்லி அசையவே இல்லை. 1490 என்றால் மெல்லப் பின்னால் நகரும். சினிமாவில் குதிரை வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். 1832-லேயே பெல்ஜியத்தில் பிளேட்டோ என்பவரும் வியன்னாவில் ஸ்டாம்ஃபர் என்பவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்த விளைவு. ஸ்டாம்ஃபர் வைத்த பெயர் ஸ்ட்ரோபோஸ்கோப்.

அன்று அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வெள்ளைக் கோடுகள் அந்தரத்தில் மெதுவாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மாலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டலாமா என்று கேட்டான். கூட்டி வந்தான். அந்த அம்மா பார்த்துவிட்டு, "நான் தூங்கலீங்க வாத்தியாரே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சரி, ஹேங்கருக்கு வருவோம்.

இரண்டு இலைப் புரொப்பல்லர் 1500-இல் சுற்றினால், டியூப் லைட் வெளிச்சத்தில் கால் கால் சுற்றாக நின்று நின்று தெரியும். அதாவது கூட்டல் குறி மாதிரி நாலு இலை அசையாமல் நிற்கும். 2000-க்கு ஏற்றினால் ஒரு பிரகாசத்துக்கு மூன்றில் ஒரு சுற்று. இப்போது ஆறு இலை நிற்கும். மீட்டர் வேண்டாம், பேட்டரி வேண்டாம். வெளிநாடுகளிலும் சின்ன விமானக்காரர்கள் அந்திக் கருக்கலில் செய்யும் பழைய வேலை இது. அமெரிக்காவில் மின்சாரம் 60 சுழற்சி என்பதால் அவர்கள் கணக்கு வேறு.

போனில் சில எச்சரிக்கைகள் சொன்னேன். ஆறு இலை 1000 சுற்றிலும் தெரியும். அதனால் கீழேயிருந்து மெதுவாக ஏற்று, நாலு வந்து, அதன் பிறகு ஆறு வருகிறதா என்று வரிசையாகப் பார். எல்இடி வேண்டாம், எலெக்ட்ரானிக் சோக் வேண்டாம், கனமான பழைய சோக் போட்ட டியூப்தான் வேண்டும். ஜெனரேட்டர் கரண்ட் வேண்டாம், அது ஏறி இறங்கும். போன் கேமராவில் பார்க்காதே, அது இலையை வாழைப்பழம் மாதிரி வளைத்துக் காட்டும், கண்ணால் பார். விமானத்தைக் கட்டிப்போடு. நீ உள்ளே உட்கார்ந்து புரொப்பல்லர் வழியாகத் தூரத்து விளக்கைப் பார். முன்னாலோ பக்கவாட்டிலோ ஒரு ஆள் நிற்கக் கூடாது.

"கரண்டு சரியா ஐம்பதுதான் இருக்குமுங்களா சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. எண்பதுகளில், தொண்ணூறுகளில் நம் தெற்கு மின் தொகுப்பில் அது 49-க்கும் கீழே இறங்கிய நாட்கள் உண்டு. தறி மெதுவாக ஓடுவதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். 2013 டிசம்பர் 31 அன்று தெற்குத் தொகுப்பும் தேசியத் தொகுப்போடு இணைந்தது. இப்போது 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த அளவு வித்தியாசத்தில் 2000 சுற்றுக்கு நாலு சுற்றுதான் பிசகும். நாம் தேடுவது 150.

அடுத்த நாள் அந்தியில் செய்தான். ஹேங்கர் முழுக்க எல்இடி மாற்றிவிட்டார்களாம். வாட்ச்மேன் அறையில் மட்டும் பழைய டியூப் ஒன்று இருந்தது. அதைக் கழற்றி வந்து சுவரில் மாட்டி, மூத்தவரையும் கூப்பிட்டு பக்கத்து இருக்கையில் உட்கார வைத்திருக்கிறான். இதுதான் அவன் செய்ததிலேயே நல்ல காரியம்.

நாலு இலை நின்றபோது முள் 1390-இல் இருந்தது. ஆறு இலை நின்றபோது 1850.

இந்த இரண்டு எண்ணையும் கவனியுங்கள். முதலாவதில் 110 குறை, இரண்டாவதில் 150 குறை. முள் அதன் அச்சில் நகர்ந்து உட்கார்ந்திருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே அளவு குறைந்திருக்க வேண்டும். இங்கே சுற்று ஏற ஏறக் குறையும் ஏறுகிறது. இரண்டிலும் நூற்றுக்கு ஏழரை. அப்படியென்றால் குற்றம் உள்ளே இருக்கும் காந்தத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். பழைய டேக்கோமீட்டரும் நம் பழைய ஸ்கூட்டரின் வேகமானியும் ஒரே ஜாதி. கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றும். அதைச் சுற்றி ஒரு உலோகக் கிண்ணம், அதை இழுத்துப் பிடிக்க மயிரிழை ஸ்பிரிங், கிண்ணத்தோடு முள். காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அதையும் இழுக்கும். வருடக் கணக்கில் காந்தம் வலுவிழந்தால் இழுவை குறையும், முள் எல்லா வேகத்திலும் அதே விகிதத்தில் குறைத்துக் காட்டும்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். முழு வேகத்தில் முள் காட்டிய 2050 என்பது உண்மையில் 2215 சொச்சம். எல்லைக்கு உள்ளே. புரொப்பல்லரிலும் குற்றமில்லை, எஞ்சினிலும் குற்றமில்லை. அதே முள் 2475 என்று காட்டும்போது உண்மையில் 2675 ஓடிக்கொண்டிருக்கும். ஏறும்போது மட்டும் அனுமதித்த வரம்பையும் தாண்டி.

மூத்தவர் எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு இறங்கி, விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்தாராம். "இன்னொரு தடவை போடு" என்றாராம். போட்டான். மறுபடி அதே எண்கள். வெள்ளிக்கிழமை பெட்டியில் ஏறிப் போனது புரொப்பல்லர் இல்லை, டேக்கோமீட்டர்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டியூப் லைட்டைக் காட்டி விமானத்துக்குச் சான்று வாங்க முடியாது. அங்கீகாரம் பெற்ற கருவிக்கூடத்தில் சோதித்து, தாளில் எழுதி, முத்திரை வைத்தால்தான் செல்லும். அதுதான் முறை, அது வேண்டும். எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று காட்டியதோடு விளக்கின் வேலை முடிந்தது. சோதனைக்கூடத்திலும் மீட்டர் குறைத்துக் காட்டுவதாகவே எழுதிக் கொடுத்தார்கள். வேறு மீட்டர் பொருத்தி, முதலிலிருந்து எல்லாச் சோதனையும் செய்து, போன வாரம் புஷ்பக் பறந்தது. ஒப்பந்தம் புதுப்பிப்பார்களா என்பது இன்னும் தெரியவில்லை. "பரவாயில்லீங்க சார், கையெழுத்து சுத்தமா இருக்கு" என்றான்.

பறந்த படத்தை முதலில் அனுப்பியது அம்மாவுக்காம். அந்த அம்மா என்னை மார்க்கெட்டில் பார்த்தபோது, "டியூப் லைட்டுல ஏதோ கண்டுபிடிச்சானாமுங்க" என்று சொல்லி, அரை விரல் இருந்த கையாலேயே சிரிப்பை மூடிக்கொண்டார்.

கடைசியாக, தறி நண்பர்களுக்கு. சோக் போட்ட டியூப் லைட்டுகள் இன்னும் எத்தனையோ குடோன்களில் எரிகின்றன. விலை மலிந்த சில எல்இடி விளக்குகளும் அதே போல நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. மோட்டார், புல்லி, பெல்ட் உள்ள இடத்தில் ஒரே பேஸில் எல்லா விளக்கையும் கொடுக்காதீர்கள். மூன்று பேஸிலும் மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள், ஒன்று மங்கும்போது இன்னொன்று பிரகாசிக்கும். புல்லிக்குக் கம்பி மூடி போடுங்கள். பெல்ட் கழன்றால் கண்ணை நம்பாமல், சுவிட்சை அணைத்துவிட்டு, அது நிற்கும் வரை பொறுத்துக் கை வையுங்கள் என்று வேலை செய்பவர்களிடம் சொல்லுங்கள். உங்கள் விளக்கு துடிக்கிறதா என்று தெரிய வேண்டுமா? மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, அதன் கீழே ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். துண்டு துண்டாகப் பல பென்சில் தெரிந்தால் துடிக்கிறது.

ஆய்வகத்தில் இன்னும் ஒரு பழைய டியூப் லைட் வைத்திருக்கும் ஆசிரியர் நண்பர்களே, அதைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு மோட்டாரும் ஒரு சாக்பீஸும் போதும். கேள்வி கேட்கும் பிள்ளை எந்த வருடமும் ஒன்றாவது வரும்.